கத்தாத வலி: அறிகுறியை வைத்து விலங்கின் வலியைக் கண்டுபிடிப்பது எப்படி

"வயசாகிடுச்சு டாக்டர், அதான் சோம்பலா இருக்கு." வலியோடு வரும் விலங்கைப் பற்றி அதை வளர்ப்பவர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். வலி என்ற சொல்லே அதில் இருக்காது. நாமும் கால்நடை மருத்துவம் படிக்கிற காலத்தில் வலி என்றால் கத்தும், நொண்டும், கடிக்க வரும் என்று மனப்பாடம் செய்திருப்போம். வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும், வலி வந்த விலங்கு புதிதாக எதையும் செய்யாமல், வழக்கமாகச் செய்துகொண்டிருந்த ஒன்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும் என்று. குதிப்பது நிற்கும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது நிற்கும். அசை போடுவது நிற்கும். அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது, "எது நின்றுபோனது, எப்போதிலிருந்து?" என்றுதான்.

மருந்தளவு எதையும் இங்கே எழுதவில்லை. இனம், எடை, சிறுநீரகத்தின் நிலை, கூடவே ஓடுகிற மற்ற மருந்துகள் எல்லாம் பார்த்து முடிவாவது அது. விலங்கு வளர்ப்பவர்கள் இதைப் படித்தால், மருந்துப் பகுதியைத் தங்கள் மருத்துவரிடம் கேள்வி கேட்க வைத்துக்கொள்ளலாம். தாங்களே கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

தொடுவதற்கு முன்

என்ன புகாராக இருந்தாலும் முதல் இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். விலங்கு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருக்கிறது, எந்தக் காலில் எடையைப் போடுகிறது, தலை தோளுக்கு மேலே இருக்கிறதா கீழே தொங்குகிறதா, யாராவது கடந்து போனால் காது திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அப்புறம் நடக்க விடுங்கள். தொடுவது கடைசி. அதிலும் வலி இருக்காது என்று தோன்றும் இடத்தில் தொடங்கி, சந்தேகப்படும் இடத்துக்குக் கடைசியாக வாருங்கள். எடுத்த எடுப்பிலேயே வலிக்கிற இடத்தை அழுத்திவிட்டால், அதன்பின் எங்கே தொட்டாலும் உடம்பை இழுத்துக்கொள்ளும். எது நிஜம் என்று தெரியாமல் போய்விடும்.

மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் நொண்டலை மறைத்துவிடும் விலங்குகள் உண்டு. பயத்தில் நேராக நடக்கும். அதனால் படுத்த இடத்திலிருந்து எழுவதையும் படி ஏறுவதையும் வீட்டிலேயே கைபேசியில் எடுத்து வரச் சொல்லுங்கள். அந்த 30 விநாடி வீடியோ எனக்குப் பல தடவை எக்ஸ்ரேயை விட அதிகம் சொல்லியிருக்கிறது. இதயத் துடிப்பு கூடியிருப்பதை மட்டும் வைத்து வலி என்று எழுதிவிடாதீர்கள். பயமும் அதைக் கூட்டும். துடிப்பு சாதாரணமாக இருப்பதால் வலி இல்லை என்றும் ஆகாது.

கண்ணால் பார்த்ததை எண்ணாக எழுதும் பழக்கம் நல்லது. திடீர் வலிக்கு, நாய்களிடம் கிளாஸ்கோ அளவுகோலின் சுருக்க வடிவம் பரவலாகப் பயன்படுகிறது. மொத்தம் 24. அதில் 6 வந்தால் வலி மருந்தைக் கூட்டுவது பற்றி யோசிக்க வேண்டும். நடக்க விட முடியாத நாய்க்கு மொத்தம் 20, அதில் 5. பூனைக்கு மான்ட்ரியால் பல்கலைக்கழகக் குழு 2019இல் வெளியிட்ட முகபாவ அளவுகோல் இருக்கிறது. காதின் நிலை, கண் இடுங்குவது, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதியின் இறுக்கம், மீசை, தலை என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. பத்துக்கு 4 வந்தாலே மருந்து தேவை. பூனை தூங்கும்போதோ, சாப்பிடும்போதோ, நக்கிக்கொண்டிருக்கும்போதோ மதிப்பெண் போடக் கூடாது. மூட்டுத் தேய்மானம் போன்ற நாள்பட்ட வலிக்கு இந்த இரண்டும் உதவாது. அதற்கு வளர்ப்பவரிடம் கேட்கும் கேள்விகள்தான் வழி.

பூனை மேலே ஏறுவதில்லை, ஆனால் நொண்டவும் இல்லை

அதிகமாகத் தவறவிடப்படும் வலி இதுதான் என்பது என் கணிப்பு. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்த ஓர் ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுகளிலோ முதுகெலும்பிலோ தேய்மானம் இருந்தது. அவற்றில் நொண்டல் என்று கொண்டு வரப்பட்டவை மிகக் குறைவு. காரணம் எளிது. தேய்மானம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக வரும். எந்தக் காலைத் தூக்கிக்கொண்டு நடப்பது? பூனை நடையைக் குறைத்துவிட்டுத் தூங்கப் போய்விடும்.

"நொண்டுகிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஜன்னல் திண்டுக்கு ஒரே தாவலில் ஏறுகிறதா, நாற்காலி வழியாகப் போகிறதா? இறங்கும்போது முன்கால்களை நீட்டித் தயங்குகிறதா? இடுப்புப் பக்கம் முடி சிக்குப் பிடித்திருக்கிறதா? அங்கே நக்க முதுகை வளைக்க வேண்டும், வளைத்தால் வலிக்கும். நகம் நீண்டு வளைந்திருக்கிறதா? மணல் தட்டுக்குப் பக்கத்திலேயே, ஆனால் வெளியே, சிறுநீர் போகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "ஆமாம், திமிர் பிடிச்சுப் போச்சு" என்று பதில் வரும். தட்டின் விளிம்பு உயரமாக இருக்கிறது, காலைத் தூக்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

குர்குர் சத்தத்தை நம்பி ஏமாறாதீர்கள். வலியில் இருக்கும் பூனையும் அப்படிச் சத்தம் போடும்.

சரி, என்ன செய்வது? மருந்துக்கு முன்னால் வீட்டை மாற்றுங்கள். விளிம்பு தாழ்ந்த தட்டு, ஏறும் இடத்துக்கு நடுவே ஒரு படி, மெத்தென்ற படுக்கை, ஒரே தளத்தில் உணவும் தண்ணீரும். அதன்பிறகு சிறுநீரகப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, மருத்துவர் மெலாக்சிகம் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கலாமா என்று முடிவு செய்வார். மாதம் ஒரு முறை போடும் ஃப்ருனவெட்மேப் ஊசி இன்னொரு வழி. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைப் பிடித்து, வலிச் செய்தி கிளம்புவதைக் குறைக்கும் எதிரணு (ஆன்டிபாடி) அது. 2022 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதை அனுமதித்தது. எந்த விலங்குக்கும் அங்கே அனுமதி பெற்ற முதல் ஒற்றைப் படியெடுப்பு எதிரணு (மோனோக்ளோனல் ஆன்டிபாடி) மருந்து அதுதான்.

எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் மூட்டு வலிக்காமல் இருக்கலாம், சுத்தமாகத் தெரிவது வலிக்கலாம். அதனால் சந்தேகம் இருந்தால் சிகிச்சை கொடுத்துப் பார்ப்பதே ஒரு பரிசோதனை. இந்தப் பூனைக்கென்று மூன்று செயல்களை எழுதி வைத்துக்கொண்டு, சில வாரம் கழித்து அதே மூன்றையும் பாருங்கள். ஒரு வேடிக்கை: மருந்து வேலை செய்யும்போது சிலருக்கு வித்தியாசம் தெரியாது. நிறுத்திய பிறகுதான் "ஐயோ, முன்னாடி ஓடிட்டிருந்ததே" என்பார்கள்.

நாய் நொண்டுகிறது

எந்தக் கால் என்பதிலேயே பாதிப் பேர் தவறுவோம். முன்காலில் வலி என்றால் அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும், நல்ல கால் பதியும்போது தாழும். பின்காலில் வலி என்றால் இடுப்பின் அந்தப் பக்கம் கூடுதலாக ஏறி இறங்கும்.

பெரிய நோய்களுக்குப் போகும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். முள், உடைந்த நகம், விரலிடைப் புண். இதைப் பார்க்காமல் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்த கதை எனக்கும் உண்டு.

படுத்து எழும்போது விறைப்பாக இருந்து நடக்க நடக்கச் சரியானால் மூட்டுத் தேய்மானத்தை நினைக்கலாம். ஓடும்போது திடீரென்று பின்காலைத் தூக்கி, பிறகு விரல் நுனியை மட்டும் ஊன்றி நின்றால் முழங்கால் சிலுவைத் தசைநார் கிழிந்திருக்கலாம். வளரும் பெரிய இன நாய்க்கு இந்த வாரம் ஒரு கால், அடுத்த வாரம் இன்னொரு கால் என்று மாறினால் எலும்பழற்சியாக இருக்கலாம், பெரும்பாலும் தானாகவே அடங்கும். வயதான பெரிய நாயின் முன்காலில், மணிக்கட்டுக்கு மேலே கெட்டியான வீக்கம் இருந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். எலும்புப் புற்று இருக்கக்கூடிய இடம் அது. மாத்திரையை வாரக்கணக்கில் நீட்டித்துவிட்டு எக்ஸ்ரே எடுப்பது தவறான வரிசை.

தேய்மானம்தான் என்று உறுதியானால், நாய் பருமனாக இருக்கும்பட்சத்தில் எடைக் குறைப்புக்கு ஈடான மருந்து கிடையாது. உடல் எடையில் 6 சதவீதம் அளவுக்குக் குறைந்ததுமே நொண்டல் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டிரமடால் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மனித உடலில் அது உருமாறி உண்டாகும் வலு மிக்க பொருள் நாயின் உடலில் மிகக் கொஞ்சமே உண்டாகிறது. மூட்டு வலிக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

தூக்கினால் வீறிடுகிறது

உடல் நீண்டு கால் குட்டையாக இருக்கும் நாய் என்றால் முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருக்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வேன். கழுத்தில் வலி இருந்தால் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்க்கும். தரையில் இருக்கும் கிண்ணத்துக்குக் குனியாது, அதை உயர்த்தி வைத்தால் சாப்பிடும். பசியில்லை என்று எழுதுவதற்கு முன் கிண்ணத்தை உயர்த்திப் பாருங்கள்.

இங்கே வலி மருந்தின் ஆபத்து, அது வேலை செய்வதுதான். வலி குறைந்ததும் நாய் குதிக்கும், வட்டு இன்னும் பிதுங்கும். மருந்தோடு வாரக்கணக்கில் கூண்டு ஓய்வும் சேர்ந்தே போக வேண்டும். பின்கால்கள் இழுபட்டு, விரலெலும்பை இடுக்கியால் அழுத்தினாலும் தலையைத் திருப்பவோ கத்தவோ இல்லை என்றால் அன்றைக்கே அறுவை நிபுணரிடம் அனுப்புங்கள். அழுத்தும்போது காலை உள்ளிழுத்துக்கொள்வது வெறும் அனிச்சை. அதை உணர்வு என்று எண்ணிவிடக் கூடாது.

வயிறு

முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கி வணங்குவது போல நிற்கும் நாய்க்கு மேல்வயிற்றில் வலி. கணைய அழற்சியை நினையுங்கள். விளையாட்டுக்கும் இப்படிக் குனியும், ஆனால் அப்போது வால் ஆடும்.

இரண்டு நிலைகளில் பரிசோதனை, அளவுகோல் எதற்கும் நேரமில்லை. ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய் ஓங்கரித்து ஓங்கரித்து ஒன்றும் வெளியே வராமல், வயிறு மட்டும் உப்புகிறது: இரைப்பை முறுக்கு. ஆண் பூனை மணல் தட்டுக்குப் போய்ப் போய் முக்குகிறது: வளர்ப்பவர் மலச்சிக்கல் என்பார், சிறுநீர்க் குழாய் அடைப்பாக இருக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கக்கூடும்.

அறுவை முடிந்த பிறகு ஓயாமல் கத்துகிறது

மயக்கம் தெளியும் நாய் ஊளையிடும்போது அறையில் இருக்கும் எல்லோரும் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். "வலிக்குது, இன்னொரு ஊசி போடு" என்பது ஒன்று. "மயக்க மருந்துக் குழப்பம், விடு" என்பது மற்றொன்று. தீர்ப்பதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறேன்.

முதலில் மூத்திரப் பையைத் தொட்டுப் பாருங்கள். ஒரு தடவை ஒரு பெண் நாய்க்கு, அது கத்திய கத்தலில் இரண்டு முறை ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து) போட்டோம். பிறகு உதவியாளர் ஒருவர் அதை வெளியே தூக்கிக்கொண்டு போக, ஒரு குளம் போல மூத்திரம் போய்விட்டு, வந்து தூங்கிவிட்டது. ட்ரிப் ஓடிக்கொண்டிருந்ததை நாங்கள்தான் மறந்திருந்தோம். இதே வேகத்தில் கட்டு இறுக்கமா, குளிர்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

அடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். வலியில் இருக்கும் நாய் ஒரு கணமாவது உங்களைக் கவனிக்கும். மருந்துக் குழப்பத்தில் இருப்பது உங்களைத் தாண்டிப் பார்க்கும், தலையை ஆட்டும், கூண்டில் முட்டும். பிறகு காயத்தின் ஓரத்தை, காயத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி, மென்மையாக அழுத்துங்கள். திரும்பிப் பார்த்தால், உடம்பை இறுக்கினால், வலி. இன்னும் தெளிவாகவில்லையா? வேகமாக வேலை செய்யும் ஓபியாய்டைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். வலி என்றால் அடங்கும். குழப்பம் என்றால் கூடும், அப்போது லேசான மயக்க மருந்து தேவை.

உண்மையில் இந்தச் சச்சரவு எழுவதே முன்னால் திட்டமிடாததால்தான். கத்தி படுவதற்கு முன்பே ஓபியாய்டு, வெட்டும் இடத்தில் மரப்பு ஊசி, ரத்த ஓட்டமும் நீர்ச்சத்தும் சரியாக இருந்தால் அழற்சி எதிர்ப்பு மருந்து என்று வெவ்வேறு படிகளில் வலியை மறித்தால், தெளியும்போது பிடிக்க வேண்டியது கொஞ்சமே. லிடோகெய்ன் ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாங்கும். பியூபிவகெய்ன் அதைவிட நீண்ட நேரம், ஆனால் ரத்த நாளத்துக்குள் போனால் இதயத்தைத் தாக்கும். ஊசியை அழுத்தும் முன் பின்னிழுத்துப் பார்க்காமல் போடவே கூடாது.

மாடு அசை போடவில்லை

நலமாக இருக்கும் மாடு நாளில் ஏழெட்டு மணி நேரமாவது அசை போடும். மற்ற மாடுகள் படுத்து அசை போடும் நேரத்தில் ஒன்று மட்டும் நின்றுகொண்டு, முதுகை வளைத்து, பல்லை நறநறக்கிறது என்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் வலி இருக்கிறது. மூச்சு விடும்போது மெல்லிய முனகல் கேட்கிறதா என்று தலைப்பக்கம் போய்க் காது கொடுங்கள். தூரத்தில் நின்றால் கேட்காது.

தோள் மேட்டின் தோலை இரண்டு கையாலும் கிள்ளுங்கள். சாதாரண மாடு முதுகைத் தாழ்த்தும். தாழ்த்த மறுத்து முனகினால், விழுங்கிய கம்பியோ ஆணியோ தேன்கூட்டு வயிற்றைக் குத்திக்கொண்டிருக்கலாம். அந்த வயிறு இதயத்துக்கு மிக அருகில், நடுவே உதரவிதானம் மட்டும். கம்பி முன்னே நகர்ந்தால் இதய உறையைத் தொடும். வெறும் வலி மருந்து போட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்பது இங்கே கெட்ட யோசனை. காந்தம் விழுங்க வைப்பது, முன்பக்கம் உயர்ந்த தளத்தில் கட்டுவது, ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் அறுவை.

வயிறு இல்லையென்றால் குளம்பைப் பாருங்கள். நிற்கும்போது முதுகு நேராக, நடக்கும்போது வளைகிறது என்றால் நொண்டல் தொடங்கிவிட்டது. வெளிப்படையாகக் காலைத் தூக்கும் வரை காத்திருந்தால் தாமதம். பெரும்பாலும் பின்காலின் வெளிவிரல்தான். குளம்பைத் திருத்தி, நல்ல விரலின் அடியில் கட்டை ஒட்டி எடையை மாற்றி, கூடவே அழற்சி எதிர்ப்பு மருந்தும் கொடுங்கள். பாலுக்கான மருந்து விலக்கு நாட்களை எழுதிக் கொடுக்க மறக்க வேண்டாம்.

கன்றுக்குக் கொம்புக்குருத்தைச் சுடும்போது மரப்பு ஊசி போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. சுடும் நேரத்துக்குத்தான் அது. மரப்பு விட்டதும் கன்று காதை ஆட்டும், தலையை உதறும், பின்காலால் தலையைச் சொறியும். நீண்ட நேரம் நிற்கும் மெலாக்சிகம் போன்றதை அதோடு சேர்ப்பது இதற்காகத்தான்.

மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம். 1990களில் தொடங்கித் தெற்காசியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம், அந்த மருந்து போட்ட கால்நடைகளின் சடலத்தைத் தின்று சிறுநீரகம் செயலிழந்ததுதான். 2006இல் இந்தியா கால்நடை மருத்துவத்துக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. மெலாக்சிகம் கழுகுகளுக்குத் தீங்கு செய்யவில்லை என்று தெரிந்ததும் அது மாற்றாக வந்தது.

குதிரை விலாவைத் திரும்பிப் பார்க்கிறது

தரையைக் காலால் கீறுவதும், படுத்துப் புரள்வதும் வயிற்று வலி. ஓய்வில் துடிப்பு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும், 60ஐத் தாண்டினால் விஷயம் தீவிரம். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, இரைப்பை நிறைந்தால் வெடிக்கும். அதனால் இரைப்பையை வடிக்கும் மூக்கு வழிக் குழாய்தான் முதல் வலி நிவாரணி. ஃப்ளூனிக்சின் வலியை நன்றாக அடக்கும், மோசமாகிக்கொண்டிருப்பதையும் மறைக்கும். போட்ட நேரத்தை எழுதி வையுங்கள்.

முயல் சாப்பிடவில்லை, புழுக்கையும் இல்லை

வலியால் குடல் நிற்கும், குடல் நின்றதால் வலி கூடும். அரை நாளுக்கு மேல் இரண்டும் இல்லையென்றால் அவசரம். கூனிக் குறுகி உட்கார்ந்து பல்லைக் கடிக்கும். உணவு திணிப்பதற்கு முன் அடைப்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். மெலாக்சிகத்தில் முயலுக்கு, கிலோ கணக்கில், நாயை விட அதிகம் தேவைப்படும். நாயின் கணக்கில் கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்பது வழக்கம்.

நன்றாகச் சாப்பிடுகிறது, அதனால் பல்வலி இல்லை

வேர் சீழ் பிடித்த நாயும் சாப்பிடும். ஒரு பக்கமாக மெல்லும், கெட்டியானதைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுக்கும், பொம்மையைக் கடிப்பதை விட்டுவிடும். பல் எடுத்த இரண்டு வாரத்தில் "குட்டி போல ஓடுது" என்று சொல்ல வருவார்கள்.

கண்ணை இடுக்குகிறது

கண்ணை மூடி வைத்திருப்பது அரிப்பு என்று நினைத்து ஸ்டீராய்டு சொட்டு போடாதீர்கள். முதலில் புண்ணைக் காட்டும் ஃப்ளூரசீன் சாயம். கருவிழியில் புண் இருந்தால் ஸ்டீராய்டு அதை ஓட்டையாக்கிவிடும். புண் இல்லை, கண் சிவந்து பாவை விரிந்திருக்கிறது என்றால் கண் அழுத்தத்தை அளவிடுங்கள்.

வீட்டு மாத்திரை கொடுத்த பிறகு முகம் வீங்கியிருக்கிறது

பூனையா? பாராசிட்டமால் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். குரல் உயர்த்தாமல் கேட்டால்தான் உண்மை வரும். பூனையின் கல்லீரலால் அதைப் போதுமான அளவு கழிக்க முடியாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். ஒரே ஒரு மாத்திரை கொல்லும். விஷமுறிவு மருந்து அசிட்டைல்சிஸ்டீன், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாய்க்கு இபுப்ரோஃபென் என்றால் குடல் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும்.

மருந்து கொடுத்தும் மாற்றமில்லை

மருந்தை மாற்றுவதற்கு முன், அது உள்ளே போனதா என்று பாருங்கள். சோபாவுக்குப் பின்னால் துப்பிய மாத்திரைகளை நானே கண்டெடுத்திருக்கிறேன். அப்புறம் எடை. கடைசியாக எப்போது தராசில் ஏற்றினீர்கள்?

இரண்டும் சரி என்றால், வலியின் வகையைப் பற்றி யோசியுங்கள். லேசாகத் தொட்டாலே அலறுவது, காரணமில்லாமல் தோலை ஒரே இடத்தில் கடிப்பது எல்லாம் நரம்பு வலி. அழற்சி எதிர்ப்பு மருந்து அதற்குப் பெரிதாக உதவாது. காபாபென்டின், அமன்டடின் போன்றவை வேண்டும். மனிதருக்கான காபாபென்டின் திரவத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், அது நாய்க்கு விஷம். அதனால் சீட்டில் திரவம் என்று மட்டும் எழுதாதீர்கள். அழற்சி எதிர்ப்பு மருந்து இரண்டை ஒன்றாகக் கொடுக்கக் கூடாது, ஒன்றை ஸ்டீராய்டோடு சேர்க்கவும் கூடாது. இரைப்பை ஓட்டையாகும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இடைவெளி விடுங்கள்.

"அது கத்தவே இல்லையே, வலி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று இந்தக் கட்டத்தில் கேட்பவர் உண்டு. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, சொல்ல முடியாமல் இருப்பதால் மனிதருக்கோ விலங்குக்கோ வலி இல்லை என்று ஆகாது என்று குறிப்பே சேர்த்தது. அதையெல்லாம் நான் அவரிடம் சொல்வதில்லை. முதல் நாள் எடுத்த வீடியோவையும் பத்தாம் நாள் எடுத்ததையும் அடுத்தடுத்து ஓட விடுவேன். இரண்டிலும் அதே படி, அதே நாய்.